தைராய்டு மாத்திரையும் அமெரிக்க ராணுவமும்
நண்பரே, கிரீன் கார்டு இருக்கிறது, ஹைப்போதைராய்டுக்கு (தைராய்டு சுரப்பு குறைவு) தினமும் லெவோதைராக்சின் மாத்திரை எடுக்கிறேன், அமெரிக்க ராணுவத்தில் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மாத்திரை சாப்பிடுவது தடை இல்லை. அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது, கடந்த 12 மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) நார்மலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹைப்பர்தைராய்டு (சுரப்பு அதிகம்) என்றால் கெடுபிடி அதிகம்.

மெப்ஸில் (ராணுவத்தில் சேருகிறவர்களைப் பரிசோதிக்கும் மையம்) நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தட்டுமா என்றீர்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். சில வாரங்களில் டிஎஸ்எச் ஏறிவிடும், இருக்கிற தகுதியும் போய்விடும். மறைக்கவும் பார்க்காதீர்கள். 2022 முதல் மெப்ஸில் இருக்கும் ஜெனிசிஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் பழைய மருந்துச்சீட்டைக்கூடக் காட்டிக்கொடுக்கும். ரெக்ரூட்டர் (ஆள் சேர்ப்பு அலுவலர்) "சொல்லாதே" என்றாலும் (சிலர் சொல்வார்கள்!) படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். டாக்டர் கடிதம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அப்புறமும் நிராகரித்தால் வெய்வர் (விதிவிலக்கு) கேட்கலாம்.