சென்னைக் கடற்கரையில் எவை நம் மண்ணின் மரங்கள், எவை வெளியிலிருந்து வந்தவை?

பெசன்ட் நகர்ப் பக்கம் காணும் சவுக்கும் புன்னையும் இவ்வூர் மரங்கள்தாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புன்னை இம்மண்ணுக்கே உரியது; மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் அதுவே. அதன் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நடுநரம்பின் இருபுறமும் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக ஓடும் இணைநரம்புகள் தெளிவாகத் தெரியும். சவுக்கு, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா பகுதிகளிலிருந்து வந்து, விறகுக்காகத் தோப்புத் தோப்பாக வளர்க்கப்பட்ட மரம். அதில் ஊசி இலை என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கள் கொண்ட மெல்லிய கிளை. ஒரு கணுவில் இழுத்துப் பிரித்தால், மூட்டைச் சுற்றிப் பொடிப் பற்களாக நிற்பவையே அதன் இலைகள். மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவக்கும் பூவை உடைய பூவரசும் நம்முடையதே. பெயரில் 'சீமை' ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அந்நிய மரம்தான். சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.