சுவிஸில் சேமித்த வாகரைச் செய்திகள்

கேள்வி: 2006இல் மட்டக்களப்பு வாகரையில் இராணுவமும் புலிகளும் மோதிய சண்டை நேரம், சுவிஸிலிருந்த சித்தப்பா இணையத்தில் வாசித்த செய்திகளையெல்லாம் இறுவட்டில் (சீடி) பதிந்து வைத்திருந்தார். இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கிறது. வாகரைப் பகுதியிலுள்ள கதிரவெளியில் நடந்த ஷெல்லடிச் செய்தியின் நேரமும் இடிக்கிறது. இறுவட்டு பழுதா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: திறக்கிறதென்றால் பழுதில்லை. அந்தக் காலத்தில் பல தளங்கள் பாமினி எழுத்துருவில் ஓடின. 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருக்கும். தமிழாகக் காட்டுவது எழுத்துருதான். தமிழில் தேடினாலும் அகப்படாது. வாசகத்தைப் பிரதியெடுத்து, இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித்தரும் பாமினி–யூனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள். இடையிலுள்ள ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து மாறி உளறலாகும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

சில கோப்புகளில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் அது திஸ்கி போன்ற வேறு பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையாக இருக்கலாம். அந்த நிலையில் 'சேவ்' கொடுத்தீர்களோ, எழுத்து திரும்பக் கிடைக்காது. ஆகவே முதல் வேலை, முழு இறுவட்டையும் வன்தட்டில் பிரதி செய்து மூலத்தைத் தொடாமல் வைப்பது. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த திகதியும் போய்விடும். 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்புங்கள்.

நேரம்தான் பெரிய தலையிடி. கோப்பில் தெரிவது சித்தப்பா சேமித்த நேரம். கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர்மீது ஷெல் விழுந்தது 2006 நவம்பர் 8. சுவிஸ் அப்போது எங்களுக்கு 4½ மணி பின். அதே ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதிவரை இலங்கை நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி முன். பிறகுதான் 5½ ஆனது. புலிகளின் பகுதிகளோ முன்னரும் 5½இலேயே நின்றன. ஏப்ரலுக்கு முந்திய சம்பவம் இரண்டு செய்திகளில் அரை மணி வித்தியாசப்பட்டால் இரண்டுமே சரியாயிருக்கலாம்.

சரிபார்க்க, கோப்பை நோட்பேட்டில் திறவுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் சேமித்திருந்தால் மேல்வரிகளிலேயே பக்க முகவரி இருக்கும். அதை, பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போடுங்கள். பிரதி இருந்தால், அதன் முகவரியிலுள்ள 14 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன்; எல்லாம் கிரீன்விச் நேரம், இலங்கை நேரத்துக்கு 5½ மணி கூட்டுங்கள். அந்த நேரத்துக்கு முன் செய்தி வெளிவந்துவிட்டது என்பது மட்டுமே நிச்சயம். படங்கள் பலவேளை வராது.

ஐந்து தளத்தில் ஒரே செய்தி கிடந்தால் ஐந்து சாட்சி என்று எண்ண வேண்டாம். ஒன்றையொன்று அப்படியே எடுத்துப் போட்ட தளங்கள் ஏராளம். எழுத்துப்பிழைகூட ஒத்திருந்தால் மூலம் ஒன்றேதான்.