மூன்று சீசன், அதே 27 புள்ளி: சென்னையின் எஃப்.சி. கேள்வி பதில்

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்க்கிற நண்பர்கள், நம் கால்பந்து கிளப் சென்னையின் எஃப்.சி.யின் 2024–25 இந்தியன் சூப்பர் லீக் சீசனைப் பற்றியும் அணித் தேர்வைப் பற்றியும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

பெரம்பூர்: அண்ணா, 2023–24-ல் பிளே-ஆஃப் (முதல் ஆறு அணிகள் கோப்பைக்கு ஆடிய சுற்று) போனோம். அடுத்த சீசனே 11-வது இடம். ஒரே வருஷத்தில் அணி இவ்வளவு கெட்டுப்போனது எப்படி?

ஒரே வருஷத்தில் கெட்டுப்போகவில்லை தம்பி. புள்ளிகளைப் பாருங்கள். 2022–23-ல் 20 ஆட்டத்தில் 27 புள்ளி, 8-வது இடம். 2023–24-ல் 22 ஆட்டத்தில் 27 புள்ளி, 6-வது இடம். 2024–25-ல் 24 ஆட்டத்தில் அதே 27 புள்ளி, 11-வது இடம். ஆட்டத்துக்கு இத்தனை என்று வகுத்தால் 1.35, 1.23, 1.13. படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறோம். நடுவில் பிளே-ஆஃப் கிடைத்ததற்குக் காரணம், அந்த வருஷம் நமக்குக் கீழே இருந்தவர்கள் நம்மைவிடக் குறைவாக எடுத்ததுதான். 2024–25-ல் ஆறாவதாக வந்த மும்பை சிட்டி 36 புள்ளி எடுத்தது. அதைத் தொட நமக்கு இன்னும் மூன்று வெற்றி வேண்டியிருந்தது. பயிற்சியாளரும் வெளிநாட்டு வீரர்களும் மாறிக்கொண்டே இருந்தும் எண் மாறவில்லை என்றால், கோளாறு மாறாத இடத்தில் இருக்கிறது. அது இந்திய வீரர்களின் அடித்தளம்.

அண்ணா நகர்: வெளிநாட்டு வீரர்கள் தேர்வில் என்ன தப்பு நடந்தது? பெயர்கள் நன்றாகத்தானே இருந்தன?

பெயர்கள் நன்றாகத்தான் இருந்தன. இடங்கள்தான் சரியில்லை.

விதி இது: ஒரு கிளப் 6 வெளிநாட்டவரைப் பதிவு செய்யலாம், களத்தில் ஒரே நேரத்தில் 4 பேர்தான். 2024–25-ல் நம் ஆறு பேர் ரயன் எட்வர்ட்ஸ், எல்சின்யோ, லூகாஸ் பிரம்பில்லா, கானர் ஷீல்ட்ஸ், டேனியல் சிமா சுக்வு, வில்மர் ஜோர்டான் கில். முதல் இருவர் தடுப்பு. மற்ற நால்வரும் கோலுக்கும் கோல் வாய்ப்புக்கும் எடுக்கப்பட்டவர்கள். தடுப்புக்கு முன்னால் நின்று பந்தைப் பறிக்கிற டிஃபென்சிவ் மிட்ஃபீல்டில் வெளிநாட்டவர் ஒருவர்கூட இல்லை.

இதனால் என்ன ஆகும்? எட்வர்ட்ஸ், பிரம்பில்லா, ஷீல்ட்ஸ், ஜோர்டான் இறங்கினால் நாலு கணக்கு முடிந்தது. எல்சின்யோவும் சிமாவும் பெஞ்சு. தடுப்பைப் பலப்படுத்த எல்சின்யோவை இறக்கினால் முன்வரிசையில் ஒருவரை எடுத்தாக வேண்டும். எப்படிப் போட்டாலும் தடுப்பு வரிசைக்கு முன்னால் இருக்கிற பதினைந்து மீட்டரைக் காவல் காக்கும் வேலை ஜிதேஷ்வர் சிங், ஹ்னாம்தே போன்ற இளைஞர்கள் தலையில் விழுந்தது. இருவருமே திறமைசாலிகள். ஆனால் முன்னால் மூன்று பேர் பந்தைத் தொலைத்துவிட்டு மெதுவாகத் திரும்பி வரும்போது, அந்த இடத்தில் யார் நின்றாலும் திணறுவார்கள்.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஃபைனலை நினைத்துப் பாருங்கள். அப்போது களத்தில் 5 வெளிநாட்டவர். நம் பயிற்சியாளர் ஜான் கிரெகரி அதில் மூன்றைத் தடுப்பில் வைத்தார்: மெய்ல்சன் ஆல்வெஸ், செரெனோ, கால்டெரான். நடுவில் ரஃபேல் அகஸ்டோ, விங்கில் கிரெகரி நெல்சன். ஸ்ட்ரைக்கர் நம் ஜேஜே. பந்தைப் பறிக்கும் இடத்தில் தனபால் கணேஷும் பிக்ரம்ஜித்தும். 9-வது நிமிஷத்தில் பெங்களூருவின் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டும் அந்த அமைப்பு ஆட்டங்காணவில்லை. 17-வது நிமிஷம் ஒரு கார்னர், 45-வது நிமிஷம் இன்னொரு கார்னர், இரண்டிலும் ஆல்வெஸ் தலை. அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். தடுப்பின் நடுவில் நிற்கிற சென்டர் பேக் இரண்டு கோல் அடித்து ஃபைனலை ஜெயித்துக் கொடுத்தார். வெளிநாட்டுப் பணத்தைத் தடுப்பில் போட்டால் கோல் வராது என்பவர்களுக்கு அந்த ராத்திரியே பதில்.

அண்ணா நகர், அதே நண்பர்: அப்போது ஐந்து பேர், இப்போது நாலு. அந்தக் கணக்கு இன்றைக்குச் செல்லுமா?

நாலு பேர் என்பதால்தான் இன்னும் கறாராகச் செய்ய வேண்டும். என் கணக்கில் ஆறு இடம் இப்படி: சென்டர் பேக் 2, டிஃபென்சிவ் மிட் 1, அட்டாக்கிங் மிட் 1, விங்கர் 1, ஸ்ட்ரைக்கர் 1. களத்தில் ஒரு சென்டர் பேக், டிஃபென்சிவ் மிட், அட்டாக்கிங் மிட், அன்றைய எதிரணியைப் பொறுத்து விங்கரோ ஸ்ட்ரைக்கரோ.

சென்டர் பேக் ஏன் இரண்டு? மஞ்சள் அட்டை 4 சேர்ந்தால் அடுத்த ஒரு ஆட்டம் கிடையாது. அதிகம் அட்டை வாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. தொடைத் தசை பிடித்துக்கொண்டால் இன்னும் சில வாரம் போய்விடும். அவர் இல்லாத நாளில் அதே வேலையை அப்படியே ஏற்க ஓர் ஆள் வேண்டும். விங்கில் ஃபரூக் சௌத்ரி, முன்வரிசை நடுவில் இர்ஃபான் யத்வாட் என்று கோல் பக்கம் இந்தியக் கால்கள் நம்மிடம் இருந்தன. 2024 செப்டம்பரில் ஒடிஷாவை அவர்கள் ஊரிலேயே 3–2 ஜெயித்தபோது இரண்டு கோல் ஃபரூக்குடையது. நம்பி இடம் கொடுத்தால் அடிக்கிறார்கள்.

மயிலாப்பூர்: நம்மிடமிருந்து போகிற இந்திய வீரர்கள் போன இடத்தில் ஜொலிக்கிறார்களே, ஏன் சார்?

இந்தத் தொகுப்பிலேயே முக்கியமான கேள்வி இதுதான். விங்கர் சாங்டே 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். 2022–23-ல் 10 கோல் அடித்து, சீசனின் சிறந்த வீரருக்கான கோல்டன் பால் வாங்கினார். கீப்பர் விஷால் கெய்த் 2022-ல் கொல்கத்தாவுக்குப் போய் முதல் சீசனிலேயே சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ், கோப்பை இரண்டும் வாங்கினார். 2016-ல் பொடியனாக வந்து கேப்டன் வரை வளர்ந்த அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். மூவருமே 2019–20 ஃபைனல் வரை போன நம் அணியில் இருந்தவர்கள்.

போகவிட்டதில் பணம் ஒரு பகுதி. அதைவிடப் பெரியது நாள் கணக்கு. ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போதே ஒரு வீரர் வேறு கிளப்புடன் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். மே 31-ல் முடிகிற ஒப்பந்தம் என்றால் டிசம்பரிலேயே அவர் கை ஓங்கிவிடும். அப்போது உட்கார்ந்து பேரம் பேசினால் நம்மிடம் பிடிமானமே இருக்காது. சரியான முறை: ஒப்பந்தத்தில் 18 முதல் 24 மாதம் மிச்சம் இருக்கும்போதே நீட்டிப்புப் பேச்சைத் தொடங்குவது. ஒத்துக்கொண்டால் நல்லது. மறுத்தால் 12 மாதம் மிச்சம் இருக்கும்போதே விலை பேசி விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் அதே இடத்துக்கு 20, 21 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தம் 5 வருஷம் வரை போடலாம், 18 வயதுக்குக் கீழ் என்றால் 3 வருஷம் வரை. நம்முடைய 19 வயதுப் பையன்களை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவதில் தயக்கம் கூடாது. 23, 24 வயதில் ஒருவர் பழுக்கும்போது எதிர் அணிச் சட்டையில் பார்ப்பது ரசிகனுக்கு எவ்வளவு வலி என்பதை நிர்வாகம் உணர வேண்டும்.

தாம்பரம்: 2025 ஜனவரியில் தடுப்பு வீரர் பிகாஷ் யும்னாமைக் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொடுத்து பிரீதம் கோட்டாலை வாங்கினோம். சரியா?

அந்த மாதத்துக்குச் சரி, அந்தக் கிளப்புக்குத் தவறு. கோட்டால் அனுபவசாலி, ரைட் பேக், சென்டர் பேக் இரண்டும் ஆடுவார், வரிசையைச் சத்தம் போட்டு நிறுத்துவார். ஆனால் அப்போது அவருக்கு வயது 31, பிகாஷுக்கு 21. முதல் ஆறு இடத்துக்கு முட்டி மோதுகிற அணி இப்படி மாற்றிக்கொண்டால் நியாயம் உண்டு. கீழ்ப்பாதியில் நின்றுகொண்டு பத்து வயது இளையவரைக் கொடுத்தது எனக்கு ஒப்பவில்லை. அதுவும் கேரளாவுக்கு.

கொளத்தூர்: பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே இருப்பதுதானே சிக்கல்?

பாதி. லாஸ்லோ, பண்டோவிச், பிரிடாரிச் என்று மூன்று சீசனில் மூன்று பேர், அதற்குள் கொஞ்ச நாள் நம் சபீர் பாஷா பொறுப்பில், பிறகு பழைய பயிற்சியாளர் ஓவன் கோயில் திரும்பி வந்து இரண்டு சீசன், 2025-ல் கிளிஃபோர்ட் மிராண்டா. ஒவ்வொருவரும் வேறு ஆட்டம் கேட்பார்கள், அதற்கு வேறு ஆட்கள் வேண்டும். ஆனால் 2019–20-ல் ஆறு ஆட்டத்தில் 5 புள்ளியோடு தவித்த அணியை கோயில் எடுத்து, 29 புள்ளியோடு நாலாவது இடத்துக்கும் ஃபைனலுக்கும் கொண்டுபோனார். அதே கோயிலால் 2024–25-ல் முடியவில்லை. முதல் தடவை அவர் கையில் கெய்த், தாபா, சாங்டே மூவரும் இருந்தார்கள், கோல் அடிக்க வால்ஸ்கிஸ் இருந்தார்.

ராயபுரம்: 70 நிமிஷத்துக்கு மேல் நம்ம பசங்க மூச்சு வாங்குகிறார்கள். கோல் வாங்குவதும் அப்போதுதான். உடற்பயிற்சி போதாதா?

உடற்பயிற்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. கடல் காற்றில் ஈரப்பதம் இருக்கிறது, ராத்திரி ஏழரைக்கும் வியர்வை காயாது. உடம்புச் சூடு இறங்காததால் ஓட்டம் முன்கூட்டியே குறைகிறது. இது இரண்டு அணிக்கும் பொது. ஆனால் ஓயாமல் முன்னால் போய் அழுத்துகிற அணிக்கு அடி அதிகம்.

அடுத்த மேட்ச்சில் பந்தைப் பார்க்காமல் நம் லெஃப்ட் பேக்கை மட்டும் பாருங்கள். 70-வது நிமிஷம் மேலே ஏறி கிராஸ் போடுகிறார், எதிரணி பறித்துக்கொள்கிறது. 20-வது நிமிஷத்தில் முழு வேகத்தில் திரும்பியவர் இப்போது பாதி வேகத்தில் வருகிறார். அவர் இடத்தை மூட சென்டர் பேக் பக்கவாட்டில் நகர்கிறார். சென்டர் பேக் விட்ட இடத்துக்கு டிஃபென்சிவ் மிட் இறங்க வேண்டும், அவர் ஐந்தடி பின்தங்கியிருக்கிறார். விங்கர் கோல் கோடு வரை ஓடி பந்தைப் பின்னால் இழுத்துக் கொடுக்கிறார், பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் ஒருவர் தனியாக நின்று உதைக்கிறார். ஸ்டேண்டிலிருந்து எல்லாரும் சென்டர் பேக்கைத் திட்டுவார்கள். தவறு தொடங்கியது அறுபது மீட்டர் தள்ளி.

தீர்வு மாற்று ஆட்டக்காரர்களில் இருக்கிறது. 5 பேரை மாற்றலாம், ஆனால் ஆட்டத்தை நிறுத்த 3 தடவைதான் அனுமதி. இடைவேளையில் மாற்றினால் அது கணக்கில் சேராது. இடைவேளையிலேயே ஒருவர், 60-ல் விங்கரும் அந்தப் பக்க பேக்கும் ஜோடியாக, 72-ல் டிஃபென்சிவ் மிட், மிச்சமுள்ள ஒரு நிறுத்தமும் ஓர் ஆளும் காயத்துக்கு. இரண்டு கோல் வாங்கிய பிறகு 80-ல் மூன்று ஸ்ட்ரைக்கரை இறக்குவதைவிட இது மேல்.

வேளச்சேரி: கோல் கீப்பர் சமிக் மித்ராவா, நவாஸா?

யாராக இருந்தாலும் தொடர்ந்து பத்து ஆட்டம் கொடுங்கள். கீப்பருக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவில் விழுகிற உயரப் பந்துக்கு யார் கத்துவது, யார் விடுவது என்பது பழக்கத்தில்தான் வரும். மாற்றி மாற்றி நிறுத்தினால் இருவரும் தயங்குவார்கள், பந்து உள்ளே போகும்.

திருவொற்றியூர்: இரண்டு அணி ஒரே புள்ளி என்றால் கோல் வித்தியாசம்தானே?

முதலில் அது இல்லை. அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளியைப் பார்ப்பார்கள், மொத்த கோல் வித்தியாசம் அதற்கும் பின்னால்தான்.

கே.கே. நகர்: 2025-ல் சீசன் ஏன் தொங்கலில் நின்றது? அது அணியை எப்படிப் பாதித்தது?

இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் அப்போது லீக்கை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையே இருந்த, 2010-ல் தொடங்கிய 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. வருஷத்துக்கு 50 கோடி ரூபாய் ஒப்பந்தம். புதுப்பிப்பு முடிவாகாததால் 2025 ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். வருமானம் எங்கிருந்து வரும் என்று தெரியாத கிளப்புகள் சம்பளத்துக்கு யோசித்தன. நம் கிளப்பும் ஆகஸ்டில் முதல் அணிப் பணிகளை நிறுத்தியது. வீரருக்கு இது கொடுமை. 26 வயதில் ஆறு மாதம் போட்டி இல்லாமல் போனால் அது திரும்பாது. ஓடிப் பயிற்சி எடுத்தாலும் ஆட்ட வேகம் தனி. பிறகு அவசரமாக இறக்கினால் முதலில் தொடைத் தசை கிழியும். இப்படிப்பட்ட இடைவெளிக்குப் பிறகு முதல் ஆட்டத்தில் 60 நிமிஷம், அடுத்ததில் 75, அதற்கப்புறம்தான் முழு ஆட்டம் என்று ஏற்றுவதே பாதுகாப்பு.

ஆவடி: முதல் தடவை மேட்ச் பார்க்க வருகிறேன். எப்படி வருவது?

சென்ட்ரலில் இறங்குங்கள், ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம்தான் ஸ்டேடியம், நடந்தே வரலாம். ஓடுதளம் சுற்றி இருப்பதால் கீழ் வரிசையிலிருந்து எதிர்ப்பக்க ஆட்டம் சரியாகத் தெரியாது, கொஞ்சம் மேலே உட்காருங்கள். பாட்டும் மேளமும் வேண்டுமென்றால் பி ஸ்டேண்ட்.

வியாசர்பாடி: என் பையனுக்கு 11 வயது. தெருவில் நன்றாக ஆடுகிறான். இங்கிருந்து கிளப்புக்குப் போக வழி உண்டா, சொல்லுங்க சார்.

உண்டும்மா. தனபால் கணேஷ் உங்கள் ஊர்ப் பையன்தான், 2018 கோப்பை ஜெயித்த அணியில் நடுவில் நின்றவர், செமி ஃபைனலில் கோவாவுக்கு எதிராக கோலும் அடித்தார். நந்தகுமார் சென்னைப் பையன், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒற்றை கோல் அடித்து, ஒரே ஊர் அணிகள் மோதுகிற கொல்கத்தா டெர்பியை ஜெயித்துக் கொடுத்தார். காரைக்குடிப் பக்கத்துப் பையன் சிவசக்தி பெங்களூருவில் ஆடி 2022–23-ல் லீக்கின் சிறந்த வளரும் வீரர் ஆனார். நம் மாவட்டங்களில் பையன்கள் இருக்கிறார்கள், நம் கிளப் முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் கால்பந்து சங்கத்தில் பதிவான ஓர் அகாடமியில் சேருங்கள், தெரு அணி மட்டும் போதாது. அவர்கள் மூலம் சம்மேளனத்தின் இணையப் பதிவில் பையனுக்கு ஓர் அடையாள எண் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் தயாராக இருக்கட்டும், மூன்றிலும் பெயரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள், தேர்வு நேரத்தில் முடியாது. வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இளையோர் லீக்குகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள், அதிகமாக வந்தால் ஆட விடமாட்டார்கள். 12 வயதிலிருந்து எந்தக் கிளப்பில் ஆடினான் என்பது பதிவில் ஏறும், அதனால் இந்த வருஷத்தை விடாதீர்கள். வலது காலால் உதைப்பவன் என்றால் தினமும் 15 நிமிஷம் சுவரில் இடது காலால் மட்டும் பாஸ் அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மைதானம்கூட வேண்டாம்.