ஃபுகுஷிமா தண்ணீர் பயத்தில் மீனை நிறுத்த வேண்டுமா?

வணக்கம் சகோதரி. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத் தண்ணீரால் கடல் முழுக்கக் கதிர்வீச்சு பரவிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்துவிட்டு உங்கள் மாமியார் தேக்கா சந்தையில் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார், பேரனுக்கும் கொடுக்க விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாமல் வாங்குங்கள்.

முதலில் அந்தக் காணொளியில் வந்த வரைபடம். பசிபிக் கடல் முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாக இருந்தது என்றீர்களே, அது பெரும்பாலும் 2011 சுனாமியில் அலை எவ்வளவு உயர்ந்தது என்று காட்டிய அமெரிக்க வரைபடமாகத்தான் இருக்கும். கதிர்வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பல வருடமாக இதையே காட்டி மக்களைப் பயமுறுத்துகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

2023 ஆகஸ்ட் முதல் ஜப்பான் அந்த அணுமின் நிலையத் தண்ணீரைச் சுத்திகரித்துக் கடலில் விடுவது உண்மைதான். சுத்திகரித்த பிறகும் பிரிக்க முடியாமல் மிஞ்சுவது முக்கியமாக ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். கடல்நீரைக் கலந்து, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்துதான் விடுகிறார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே 10,000. 'கதிரியக்கத் தண்ணீர்' என்று பெரிதாகத் தலைப்புப் போடுகிறவர்கள் இந்த எண்ணை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நம் உடம்பிலேயே பொட்டாசியத்தால் சுமார் 4,000 பெக்கரல் எப்போதும் இருக்கிறது.

அப்புறம், ஜப்பானிலிருந்து இங்கே வரும் உணவைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கதிரியக்கத்துக்கும் சேர்த்தே சோதிக்கிறது.

மாமியாரிடம் வாதம் வேண்டாம். பேரன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். மீன்கடைக்கே கூட்டிப்போய், "இது எங்கிருந்து வருகிறது?" என்று அவரையே கேட்க வைத்தேன். மலேசியா, இந்தோனேசியா என்று கடைக்காரர் சொன்னதும் அன்றே ஒரு கிலோ வாங்கிவிட்டார்.