தெலுக் இந்தானா, தைப்பிங்கா, கம்பாரா? வீட்டை விற்குமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: எனக்கு வயது 58. கோலாலம்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை, 60இல் ஓய்வு. மனைவிக்கு 55, இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். செந்தூலில் 2003இல் வாங்கிய அடுக்குமாடி வீட்டை இப்போது 420,000 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கேட்கிறார்கள். பேங்க் கடன் பாக்கி 35,000. மாதம் 1,050 கட்டுகிறேன். ஊழியர் சேமநிதியில் 290,000 இருக்கிறது. நான் பிறந்தது தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே 250,000க்கு ஒற்றை மாடித் தரை வீடு பார்த்திருக்கிறேன். கம்பத்தில் (கிராமத்தில்) 90,000க்கே ஒரு வீடு இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். மனைவிக்குத் தைப்பிங் பிடிக்கும். மகன் கம்பார் என்கிறான். விற்று, வாங்கி, மீதி 170,000ஐக் கையில் வைத்துக்கொண்டு போய்விடலாமா?

பதில்: போகலாம் ஐயா. ஆனால் அந்த 170,000 உங்கள் கைக்கு வராது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

விற்கும்போது வீட்டு ஏஜண்டுக்கு அதிகபட்சம் 3 விழுக்காடு, அதாவது 12,600. அதன்மேல் சேவை வரி 8 விழுக்காடு சேர்ந்தால் 13,608. வழக்கறிஞர் கட்டணம் முதல் 500,000 வரைக்கும் 1.25 விழுக்காடு, வரியோடு 5,670. பேங்க் பாக்கி 35,000. எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது 365,722. வாங்கும்போது, 250,000 வீட்டுக்கு முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 150,000க்கு 2 விழுக்காடு, ஆக 4,000. வழக்கறிஞருக்கு வரியோடு 3,375. வீட்டு விலையும் சேர்த்தால் 257,375 போய்விடும். கையில் 108,347. பழைய தரை வீடு என்றால் ஒயரிங், கூரை, கிரில், குளியலறை என்று 28,000 வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சிக்கனமாகச் செய்தால். ஆகக் கடைசியில் நிற்பது 80,000 வெள்ளி. நீங்கள் நினைத்ததில் பாதிகூட இல்லை.

இந்த 80,000ஐச் சேமநிதியில் இருக்கும் 290,000உடன் சேர்த்து, மாதம் 2,600 செலவு, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு என்று வைத்தால், இன்றைய இருப்பு ஏறக்குறைய 20 ஆண்டு வரும். உங்களுக்கு 80 ஆகும்போது மனைவிக்கு 77. விலைவாசி ஏற்றத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. கணக்கு இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது, தவறான ஊரில் வீடு வாங்கி அதை நஷ்டத்துக்கு விற்றுத் திரும்ப உங்களுக்கு வசதி இல்லை. செந்தூலில் விற்ற வீட்டை அதே விலைக்கு மறுபடி வாங்கவும் முடியாது.

அதனால் என் யோசனை இதுதான். விற்காதீர்கள், வாங்காதீர்கள். 60இல் செந்தூல் வீட்டை வாடகைக்கு விட்டு, போகும் ஊரில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். செந்தூல் வீட்டுக்கு மாதம் 1,600 என்று வைத்து, ஒரு மாதம் காலியாகக் கிடந்ததாகக் கழித்தால் 17,600. பராமரிப்புக் கட்டணம் மாதம் 220 வீதம் 2,640, கதவு வரி, நில வரி 600, ரிப்பேர் 1,500. மீதி 12,860. தெலுக் இந்தானில் மாதம் 850 வாடகை என்றால் வருடத்துக்கு 10,200. இந்த வாடகை அந்த வாடகையைத் தாங்கிவிடும், பேங்க் தவணை தனி. வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டவேண்டும், மறக்கவேண்டாம்.

விற்பனையைத் தள்ளிப்போட்டால் வரி ஏறிவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்த வீட்டைக் குடிமக்கள் விற்றால், 2022 ஜனவரி முதல் சொத்து ஆதாய வரி கிடையாது. உங்கள் வீடு 2003இல் வாங்கியது. இன்று விற்றாலும் 62 வயதில் விற்றாலும் சட்டம் இப்படியே இருக்கும்வரை ஒன்றுதான். பேங்க் கடனைச் சேமநிதியிலிருந்து எடுத்து அடைக்கவும் அவசரப்படாதீர்கள். சேமநிதி 2023க்கு 5.50, 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தது. உங்கள் கடன் வட்டி அதைவிடக் குறைவு என்றால் மாதத் தவணையையே கட்டிக்கொண்டு போங்கள். வட்டி 4 விழுக்காடு அளவில் இருந்தால் 60 வயதில் 12,000க்குச் சற்றுக் குறைவாகத்தான் பாக்கி இருக்கும்.

இனி ஊர். வீட்டு விலையை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் இருக்கிறது. அப்படியென்றால் முதலில் பார்க்கவேண்டியது சிறப்பு மருத்துவர் இருக்கும் அரசாங்க மருத்துவமனை, அதுவும் கார் ஓட்ட முடியாத வயதில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில். இன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் போதும். நாளைக்குச் சிறுநீரகம் கெட்டால் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. அந்த நிலையம் 40 கிலோமீட்டரில் இருந்தால் வாரம் 240 கிலோமீட்டர் ஓட்டவேண்டும். வீட்டில் மிச்சம் பிடித்த பணம் பெட்ரோலில் போகும். ஓட்ட ஆள் இல்லையென்றால் இன்னும் மோசம்.

இந்த அளவுகோலில் தைப்பிங் நல்ல ஊர். பெரிய மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது, இடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயிலும் நிற்கிறது. குறை மழை. தீபகற்பத்தில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. பழைய வீடு என்றால் கூரையையும் சுவர் ஈரத்தையும் பார்க்காமல் பேச்சே எடுக்காதீர்கள். கம்பாரில் இருப்பது சிறிய மருத்துவமனை. கடுமையான நோய் என்றால் ஈப்போவுக்கு அனுப்புவார்கள், அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஆனால் கோலாலம்பூருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், மகன் சொல்வதன் காரணம் அதுவாக இருக்கும். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றியுள்ள தாமான்களில் (குடியிருப்புகளில்) மாணவர்கள் அறை அறையாக வாடகைக்கு இருப்பார்கள். இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் தாங்காது. பழைய பட்டணப் பக்கம் பாருங்கள்.

தெலுக் இந்தானில் சிறப்பு மருத்துவர்கள் உண்டு, சொந்தபந்தம் உண்டு, சித்ரா பௌர்ணமி உண்டு. ரயில் கிடையாது, தாப்பா ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி அரை மணி நேரத்துக்கு மேல் காரில் போகவேண்டும். 60 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கு இடிஎஸ் டிக்கெட் பாதி விலை என்றாலும், தாப்பா ரோட்டிலிருந்து வீடுவரை யார் கூட்டிப்போவது என்ற கேள்வி இருக்கிறது. இன்னொன்று, மண். 1885இல் கட்டிய கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே மென்மையான களிமண்ணில்தான் நீங்கள் பார்த்த வீடும் நிற்கிறது. மூல வீடு பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) அடித்துக் கட்டியிருக்கலாம். பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்குப் பெரும்பாலும் பைலிங் இருக்காது. சமையலறையும் வீடும் சேரும் இடத்தில் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு இருக்கிறதா, தரை ஓடு ஒரு பக்கம் சரிகிறதா என்று பாருங்கள். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் போதும், அது சொல்லிவிடும். புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் கீழே இரண்டடி மட்டும் நிறம் வேறாக இருந்தாலோ, மின் பிளக்குகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மாற்றப்பட்டிருந்தாலோ, வெள்ளம் ஏறிய வீடு. நவம்பர் மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தம்பி சொல்லும் 90,000 வெள்ளி வீட்டுக்கு வருகிறேன். சிறு ஊர்களில் பணம் தொலைவது இங்கேதான். கிராண்ட், அதாவது நிலப் பட்டா, அதன் நகலை வாங்குங்கள். நகல் தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். தந்தால், அதை நம்பாமல் வழக்கறிஞர் மூலம் நில அலுவலகத்தில் தேடல் போடுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று குறிப்பு இருந்தால் நம் பெயருக்கு மாறவே மாறாது. எந்த ஒப்பந்தம் எழுதினாலும் செல்லாது. 'சியாராட் ஞாத்தா' என்ற இடத்தில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். அங்கே ரப்பர், செம்பனை, விவசாயம் என்று எழுதியிருந்து மேலே வீடு நின்றால், மாற்றி எழுதக் காசும் காலமும் ஆகும். பேங்க் கடனும் சுலபத்தில் கிடைக்காது. 'செக்காத்தான் கெப்பந்திங்கான்' என்ற இடத்தில் மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக்கூடாது என்றிருந்தால், அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அதற்குள் முன்பணத்தைத் தவிர எதுவும் கொடுக்கக்கூடாது, அதையும் வழக்கறிஞர் கையில்தான் கொடுக்கவேண்டும். குத்தகை நிலம் என்றால் எத்தனை வருடம் மிச்சம் என்று எண்ணுங்கள்.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற இடங்களில் ஒரே கிராண்டில் ஆறு பேர், பத்துப் பேர் பெயர் இருக்கும். நீங்கள் வாங்குவது பிரிக்காத பங்கு. எந்த மூலை உங்களுடையது என்று கிராண்ட் சொல்லாது. கூட்டாளி ஒருவர் இறந்து வாரிசுகள் சண்டை போட்டால் உங்களால் விற்க முடியாது. எல்லாவற்றையும்விட ஆபத்து தற்காலிக உரிம நிலம். வருடாவருடம் புதுப்பிக்கும் உரிமத்தில் இருக்கும் வீட்டை 'விற்கிறேன்' என்று கடுதாசியில் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுக்கிறார்கள். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதோடு அது முடிந்தது. 90,000க்கு வீடு என்றால் பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கடைசியில் ஊர் பிடித்துப்போய் செந்தூலை விற்றீர்கள் என்றால், பணம் வந்து விழும் பேங்கில் ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் 250,000 வெள்ளி வரைதான் வைப்புத்தொகைக் காப்புறுதி. இரண்டு பேங்கில் பிரித்துப் போடுங்கள். சேமநிதியில் ஆண்டுக்கு 100,000 வரை நீங்களாகவே போடலாம். 60 வயதுக்கு முன் போட்டால் அது 'அக்காவுன் எமாஸ்' கணக்கில் போய் 60 வரை பூட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு போடுவதே உங்களுக்கு வசதி. விற்ற செய்தி ஊரில் பரவியதும் கடன் கேட்டு வருவார்கள்; 'பணம் சேமநிதியில் போட்டாகிவிட்டது' என்பது நல்ல பதில், பொய்யும் இல்லை. புது வீட்டைக் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் பதியுங்கள்.

கிளம்புமுன் மனைவியின் கிளினிக்கில் இரண்டு காரியம். புது ஊர் கிளினிக்குக்கு மாற்றுக் கடிதம் ஒன்று; கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகல் ஒன்று. இடையில் மருந்து தீர்ந்தால் செந்தூலுக்கு ஓடிவரவேண்டாம். ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறையில் பதிந்துவிட்டால், தெலுக் இந்தானிலோ தைப்பிங்கிலோ அரசாங்க மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். பதியும்போது எந்த ஊர், எந்த மருந்தகம் என்று அவர்கள் கேட்பார்கள்.