ஸ்பானிய ராப்பின் தொடக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிப்ஹாப் பிறந்த கதையைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்களோடு, ஸ்பானியம் பேசும் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவை வேராகக் கொண்ட இளைஞர்களும் தொடக்கம் முதலே இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இசையில் ஆர்வமுள்ள என் நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. ஆங்கில ராப் நன்றாக விற்பதைக் கண்ட இசை நிறுவனங்கள் 1990 வாக்கில் உருவாக்கிய நகல்தான் ஸ்பானிய ராப் என்றும், அதுவே வளர்ந்து ரெகேட்டோன் என்ற நடன இசை ஆயிற்று என்றும் சொல்கிறார். முதலிலிருந்தே அவர்கள் இருந்தார்கள் என்றால் ஏன் தங்கள் மொழியில் பாடவில்லை? இந்த இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அன்புடன்,
ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பர் இரண்டு வரலாறுகளை ஒன்றாக்கிவிடுகிறார். ஸ்பானிய மொழி பேசும் வீடுகளில் வளர்ந்தவர்கள் ராப்புக்குள் வந்தது ஒரு வரலாறு. ஸ்பானிய மொழி ராப்புக்குள் வந்தது வேறொரு வரலாறு. முதலாவது 1970களில் பிரான்க்ஸில் நடந்தது. இரண்டாவது பெரும்பாலும் பிரான்க்ஸுக்கு வெளியே, ஒன்றையொன்று அறியாத பல ஊர்களில், 1980 முதல் நடந்தது. 1990 என்பது அமெரிக்க ஆங்கிலச் சந்தை அதைத் திரும்பிப் பார்த்த ஆண்டு. அதைப் பிறந்த ஆண்டாகக் கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் குழுவில் டிஜேவாக, அதாவது இசைத்தட்டுகளைச் சுழற்றி இசை கோப்பவராக, இருந்த சார்லி சேஸ் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கார்லோஸ் மாண்டெஸ். ஃபென்டாஸ்டிக் ஃபைவ் குழுவில் பாடிய ரூபி டீ, விப்பர் விப் இருவரும் அதே பின்னணியினர். தரையில் சுழன்றாடும் நடனத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்ற ராக் ஸ்டெடி க்ரூவின் கிரேசி லெக்ஸும் அப்படித்தான். கறுப்பின இசைக்குள் உனக்கு என்ன வேலை என்று தன்னைப் பலர் கேட்டதைச் சார்லி சேஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சல்சா பாஸ் கலைஞர் பாபி வலெந்தினின் இசைத்தட்டுகளிலிருந்து தாளமும் பாஸும் மட்டும் ஒலிக்கும் துண்டுகளை எடுத்து, கூட்டத்துக்குத் தெரியாமல் நடுவே நுழைத்துவிடுவாராம். ஸ்பானியக் குரல் வருமுன் அடுத்த தட்டுக்கு மாறிவிட்டால், எந்த ஊர் இசைக்கு ஆடினோம் என்று ஆடியவர்களுக்கே தெரியாது. அன்றைய நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரிந்து இல்லை. தாளம் உள்ளே வரலாம், மொழி வரக்கூடாது.

ஏன் வரக்கூடாது என்பதுதான் உங்கள் கேள்வி. அந்த இளைஞர்களில் பலர் நியூயார்க்கில் பிறந்தவர்கள்; வீட்டில் ஸ்பானியம், தெருவில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். பூங்காவிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் ஒலிபெருக்கி கட்டிப் பாடும்போது எதிரே நிற்பவர்களில் பலருக்கு ஸ்பானியம் தெரியாது. எதிரே நிற்பவனை உடனுக்குடன் சிரிக்கவைத்தோ சீண்டியோ வென்றாக வேண்டிய கலையில், அவனுக்குப் புரியாத மொழிக்கு இடமில்லை. ஸ்பானியத்தைத் தம் மொழியாகக் கொண்ட பெரியவர்களோ சல்சாவிலும் பொலேரோவிலும் தோய்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் இந்தப் பேச்சுப்பாட்டு அவர்களுக்கு இசையாகவே படவில்லை. வானொலிகளும் மொழிவாரியாகப் பிரிந்திருந்தன. இரு மொழியும் கலந்த ஒரு பாட்டை எந்த நிலையத்துக்கு அனுப்புவது? இளைஞர்கள் தாய்மொழியைக் கைவிட்டார்கள் என்று சிலர் குறைசொல்வதை நான் ஏற்பதில்லை. தங்களைக் கேட்டவர்களின் மொழியில் அவர்கள் பாடினார்கள்.

இந்தத் தடையை 1981இல் மீன் மெஷின் என்ற குழு ஓரளவு மீறியது. சுகர் ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘டிஸ்கோ ட்ரீம்’ பாட்டில் ஆங்கிலத்தோடு ஸ்பானிய வரிகளும் வருகின்றன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே வெனிசுலாவின் கராகஸ் நகரில் முழுக்க ஸ்பானியத்தில் ஒரு ராப் வெளிவந்துவிட்டது. பெருச்சோ கொண்டே என்ற நகைச்சுவைக் கலைஞர், 1979இல் உலகெங்கும் ஓடிய ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற ஆங்கில ராப் பாட்டின் இசையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தன் நகரத்து மக்களின் அன்றாடப் பாடுகளைக் கொட்டினார். ‘லா கோட்டோர்ரா கிரியோயா’ என்ற அந்தப் பாட்டு பெரும் வெற்றி பெற்றது. கேலிப்பாட்டு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் தன் ஊர்ப் பேச்சை, தன் ஊர்க் கவலைகளை, தாளத்துக்கு மேல் பேச்சாகவே வைத்தது அது. ராப் செய்யும் வேலையும் அதுதானே? இதற்குத் தொடர்ச்சி அமையவில்லை என்பதுதான் குறை. ஒரு பாட்டு ஓடியது. ஒரு மரபு உருவாகவில்லை.

மரபு உருவான இடம் புவேர்ட்டோ ரிக்கோ. அதன் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உடையவர்கள். விசா இல்லாமல் நியூயார்க்குக்கும் தீவின் தலைநகரான சான் ஹுவானுக்கும் இடையே போய்வரும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய பெட்டிகளில் கேசட்டுகளும் பயணம் செய்தன. விகோ சி என்று பின்னாளில் புகழ்பெற்ற லூயிஸ் அர்மாண்டோ லொசாதா குரூஸ் 1971இல் புரூக்ளினில் பிறந்து, சிறுவயதிலேயே சான் ஹுவானின் புவேர்த்தா தே தியெர்ரா பகுதிக்கு வந்து வளர்ந்தவர். டிஜே நீக்ரோ என்பவரோடு சேர்ந்து 1980களில் தன் பாட்டுகளைக் கேசட்டுகளாகப் பதிவுசெய்து கைக்குக் கை பரப்பினார். அவருடைய ‘லா ரெக்தா ஃபினால்’ 1990ஐ ஒட்டி வெளிவந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

பிரான்க்ஸில் இருந்த சிக்கல் இங்கே இல்லை. கேட்பவர் எல்லோருக்கும் ஸ்பானியம்தான் மொழி. ஆகவே மொழி ஓர் அடையாள அறிவிப்பாக இல்லாமல், கதை சொல்லும் கருவியாக இருந்தது. ‘வியெர்னெஸ் 13’ என்ற பாட்டில் அமெரிக்கத் திகில் படக் கொலைகாரன் ஜேசனிடம் தானே மாட்டிக்கொண்டதாக விகோ சி கதை சொல்கிறார். ஆள் அமெரிக்கத் திரையிலிருந்து வந்தவன், பேச்சு சான் ஹுவான் தெருவினுடையது. ரூபன் டிஜே 1989இல் ‘லா எஸ்குவேலா’ என்று பள்ளிப்படிப்பை விட்டுவிடாதே என்று அறிவுறுத்தும் பாட்டைப் பாடினார்; லிசா எம் என்ற இளம்பெண்ணும் அதே காலத்தில் மேடையேறினார்.

அந்தத் தீவில் தெசிமா என்றொரு நாட்டார் யாப்பு உண்டு. எட்டெட்டு அசையாகப் பத்து அடிகள். ஈற்றடியை ஒருவர் கொடுக்க, பாடகர் நின்ற இடத்திலேயே மற்ற அடிகளைக் கட்டி அதில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் நம் அவதான மரபை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ராப் இதிலிருந்து நேரே வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன், விகோ சியின் தலைமுறைப் பிள்ளைகள் கேட்டது நியூயார்க் கேசட்டுகளைத்தான். ஆனால் சொல்லடுக்கிப் போட்டியிடும் கலையை ரசிக்கப் பழகிய செவிகள் அங்கே ஏற்கெனவே இருந்தன என்பதை நம்புகிறேன். ஸ்பானியத்தில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் இறுதி இயைபு எளிதில் கிடைத்துவிடும். எளிதில் கிடைப்பதாலேயே இயைபு மட்டும் ஒரு பாட்டைத் தாங்காது. ஆங்கிலத்தைவிடச் சொற்கள் நீண்டவை என்பதால் ஒரே தாள அளவுக்குள் குறைவான சொற்களே அடங்கும். இந்த இரண்டையும் கதையோட்டத்தால் கடந்தது விகோ சியின் சாதனை என்று கருதுகிறேன்.

உங்கள் நண்பர் மனத்தில் வைத்திருப்பது லாஸ் ஏஞ்சலிஸ் பாடகர்களை என்று நினைக்கிறேன். கியூபாவில் பிறந்த மெல்லோ மேன் ஏஸ் 1989இல் வெளியிட்ட ‘மென்டிரோசா’ அடுத்த ஆண்டு அமெரிக்கத் தரவரிசையில் 14ஆம் இடம்வரை ஏறியது. பொய் சொல்லும் காதலியோடு சண்டை. வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்கி ஸ்பானியத்தில் முடியும். லியோ (சிக்கல்), தியோ (மாமா) என்று இயைபு விழும் இடம் ஸ்பானியச் சொல்லாக இருப்பதைக் கவனியுங்கள். வீட்டில் இரு மொழியும் புழங்கும் ஒருவர் கோபத்தில் பேசுவது அப்படித்தான் இருக்கும். 1990இல் வந்த கிட் ஃப்ராஸ்டின் ‘லா ராசா’ இன்னும் ஆழமானது. ஜெரால்ட் வில்சன் என்ற கறுப்பின ஜாஸ் கலைஞர் ஒரு மெக்சிகோ காளைச்சண்டை வீரருக்காக ‘விவா திராதோ’ என்ற இசையை அமைத்தார். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் எல் சிக்கானோ குழு 1970இல் அதை வாசித்துப் புகழ்பெற்றது. அந்தப் பதிவிலிருந்து துண்டுகளை எடுத்துத் திரும்ப ஒலிக்கவைத்துதான் (சாம்பிள்) கிட் ஃப்ராஸ்ட் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கரான தன் இனத்தைப் பாடினார். மூன்று தலைமுறைக் கொடுக்கல்வாங்கல் உள்ள ஒன்றை நகல் என்று சொல்வது அநியாயம்.

தென்னமெரிக்காவின் சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1988இல், தெ கிருசா குழு ராப்பைக் கையிலெடுத்தது. ஸ்பெயினில் 1989இல் ‘ராப்பின் மாட்ரிட்’ என்ற தொகுப்பு வந்தது. மாட்ரிட்டை அடுத்த தொர்ரெஹோனில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளம் அங்கே இந்த இசை பரவ ஒரு வழியாயிற்று.

ரெகேட்டோனைப் பொறுத்தவரை, ராப் அதன் ஒரு பெற்றோர் மட்டுமே. மற்றது பனாமா. கால்வாய் வெட்ட ஜமைக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து சென்ற தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் ஜமைக்கா இசையான ரெகேயை ஸ்பானியத்தில் பாடினார்கள். எல் ஜெனரல் அவர்களில் பரவலாக அறியப்பட்டவர். டிஜே நீக்ரோ நடத்திய ‘தி நாய்ஸ்’ போன்ற சான் ஹுவான் கூடங்களில் இரண்டும் கலந்தன. 1995இல் அந்தக் கேசட்டுகள் ஆபாசமானவை என்று சொல்லிக் காவல்துறை இசைக்கடைகளில் புகுந்து பறிமுதல் செய்தது. நிறுவனங்கள் உருவாக்கிய பண்டமாக இருந்திருந்தால் இப்படி நேர்ந்திருக்காது என்பதை நண்பரிடம் சொல்லுங்கள்.

கேட்பதற்கு ‘ராப்பர்ஸ் டிலைட்’ முதலில், உடனே ‘லா கோட்டோர்ரா கிரியோயா’. ஒரே இசை இரண்டு நகரங்களில் என்னவாகிறது என்று தெரியும். பிறகு ‘டிஸ்கோ ட்ரீம்’, ‘லா ரெக்தா ஃபினால்’, ‘வியெர்னெஸ் 13’. ‘மென்டிரோசா’, ‘லா ராசா’ இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.