செக் நாட்டின் மிகப் பழைய பாலம் பிராக்கில் உள்ள சார்லஸ் பாலம்தானே? அதைப் பார்த்தபின் ஒரு நாள் மிச்சமிருந்தால் எங்கே போகலாம்?

இல்லை. இந்தத் தப்பான தகவலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சார்லஸ் பாலத்தைக் கட்டத் தொடங்கியது 1357-இல். பிராக்கிலிருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில், ஓட்டவா ஆற்றங்கரையில் பீசெக் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. முப்பதாயிரம் பேர் இருப்பார்கள். அங்கே உள்ள கல் பாலம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செக் நாட்டில் இன்றும் நிற்கிற பாலங்களில் அதுதான் மூத்தது. உங்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில்: பீசெக்.

நீங்கள் அநேகமாக பிராக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டு, மிச்ச நாளில் செஸ்கி க்ரும்லோவ் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். போங்கள், அழகான ஊர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கோடையில் அங்கே நடக்கக்கூட இடம் இருக்காது.

கார் உதிரிபாகத் தொழிற்சாலை வேலைக்காக நான் பீசெக்கில் குடியிருந்தவன். அந்தப் பாசத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். சரி, பாசம் உண்டு. ஆனால் என் மாமனாருக்கு அது கிடையாதே. பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்க்க வந்தபோது பிராக் கோட்டையில் அரை மணி நேரத்தில் கால் வலி என்று உட்கார்ந்துவிட்டார். அதே மனிதர் பீசெக் பாலத்தை இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் பார்த்தார், பிறகு கீழே இறங்கி, தண்ணீர் வரும் பக்கம் தூணில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கைக் காட்டி எனக்கு வகுப்பே எடுத்தார். வெள்ளத்தில் வரும் மரமும் பனிக்கட்டியும் தூணில் நேராக மோதாமல் ஒதுங்கிப் போகத்தான் அந்த மூக்காம்.

அப்புறம் கேட்டார்: "ஏழு வளைவுல ஆறு ஒரே மாதிரி இருக்கு. அந்தக் கடைசி ஒண்ணு மட்டும் ஏன் மாப்பிள்ளை அகலமா இருக்கு? பின்னாடி கட்டினதா?" அங்கே குடியிருக்கிற யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அவர் ஊகித்தது சரிதான். ஒரு காலத்தில் பாலத்தின் இரு முனையிலும் கோபுரங்கள் இருந்தன. 1768 வெள்ளத்தில் ஒரு கோபுரம் சரிந்தது. அந்தப் பக்கத்து அகலமான வளைவு அதற்குப் பிந்தையது. இன்னொரு கோபுரத்தை 19-ஆம் நூற்றாண்டில் மனிதர்களே இடித்தார்கள், வண்டிப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று.

2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் தண்ணீர் பாலத்துக்கு மேலேயே ஓடியது. கைப்பிடிச் சுவர் அடித்துக்கொண்டு போனது, சிலைகள் சேதமாயின, ஆனால் தூணும் வளைவும் அசையவில்லை. இதைச் சொன்னதும் மாமனார் தூணை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

ஊரின் கதையும் ஆற்றிலிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டவா மணலை அலசிப் பொன் எடுத்தவர்கள் முதலில் குடியேறினார்கள். செக் மன்னர் இரண்டாம் ஒட்டோக்கர் (ஆட்சி 1253–1278) காலத்தில் ஊர் பெரிதானது, கோட்டை வந்தது. கோட்டையில் மிஞ்சிய பகுதி இப்போது ப்ராஹென் அருங்காட்சியகம். ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் மோதிய முப்பதாண்டுப் போரின்போது, 1620-இல் புனித ரோமப் பேரரசின் படை ஊருக்குள் புகுந்து பெரும்பாலான மக்களைக் கொன்றுவிட்டது. சந்தைச் சதுக்கம் இன்று இவ்வளவு சாதுவாக இருப்பதைப் பார்த்தால் நம்ப முடியாது.

எனக்குப் பிடித்த இடம் பாலம்கூட இல்லை, ஆற்றோரத்தில் இருக்கும் பழைய மாவு ஆலை. 1887-இல் ஃப்ரான்டிஷெக் க்ரிஷீக் என்ற எஞ்சினியர் இந்த ஊரில் மின்சாரத் தெருவிளக்குப் போட்டார். நிரந்தரமான தெருவிளக்கு வந்த முதல் செக் ஊர் இதுதான், பிராக் இல்லை. அடுத்த வருடமே அந்த ஆலை சிறு நீர்மின் நிலையம் ஆனது. இப்போது அருங்காட்சியகமாகவும் இருக்கிறது, மின்சாரமும் எடுக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அங்கே வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் என் அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். சமையலறைச் சுவரில் தாளிப்பு வாடையாம்! பெயின்ட் அடித்துக் கொடுத்த பிறகும் அதே பேச்சு. வாடையை எந்தத் தராசில் நிறுத்தார் என்று தெரியவில்லை. வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிராக்கிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். காலையில் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கோடையில் போனால் பாலத்துக்குப் பக்கத்துக் கரையில் பெரிய மணல் சிற்பங்களும் வைத்திருப்பார்கள்.

இதற்குக் கீழே "பிராக்கில் ஜூடித் பாலம் அதைவிடப் பழசு" என்று யாராவது எழுதுவீர்கள். ஆமாம், 12-ஆம் நூற்றாண்டுப் பாலம்தான், ஆனால் 1342 வெள்ளத்தில் போய்விட்டது. ரேகென்ஸ்பர்க் பாலமும் இதைவிடப் பழசு, அது ஜெர்மனியில் இருக்கிறது. கேட்டது செக் நாட்டில் இன்று நிற்கிற பாலத்தை.